தெருக்குத்து வீட்டுக்காரர்

பத்ரிநாத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். சொந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். இதைப் பேராசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வீடு கட்டி முடித்து, வரி ரசீதும் மின் இணைப்பும் தன் பெயரில் வாங்கி வைத்திருந்த ஒரு மனிதருக்கு இந்த ஆசை எட்டு வருஷம் நிறைவேறாமலே இருந்தது என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். மதுரையில் நிறையப் பேர் சிரித்தார்கள்.

தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சுங்குடிச் சேலைக் கடையில் அவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மகாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் ராக்கம்மாள் என்ற விதவையின் வீட்டு முன்பகுதியில் வாடகைக்கு இருந்தார். பின்பகுதியில் ராக்கம்மாள். கல்யாணமான புதிதில் மனைவி சூடாமணியைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்தவர், மகள் பள்ளிக்கூடம் போகிற காலம் வந்தும் அங்கேயேதான் இருந்தார். ராக்கம்மாள் நல்ல மனுஷி. சூடாமணிக்குப் பிரசவமானபோது பத்தியக் குழம்பு வைத்துக் கொடுத்தவள் அவள்தான். ஆனாலும் வாடகை வீடு வாடகை வீடுதானே. ராத்திரி பத்து மணிக்கு மேல் விருந்தாளி வந்தால் கதவை மெதுவாகத் திறக்க வேண்டியிருந்தது.

ஆகவே சிறுகச் சிறுகச் சேர்த்து, வண்டியூர்த் தெப்பக்குளத்தைத் தாண்டிப் புதிதாக லேஅவுட் போட்ட ஒரு நகரில் மனை வாங்கினார். பக்கத்து மனைகளைவிட அது மலிவாகக் கிடைத்தது. காரணம், தெரு நேராக வந்து அந்த மனையில் முட்டி நின்றது. ஊரில் இதைத் தெருக்குத்து என்று சொல்வார்கள். புரோக்கர் ‘ரோடு வியூ’ என்று சொன்னார். பத்ரிநாத்துக்கு ரோடு வியூ பிடித்துப் போயிற்று.

தொண்ணூற்று மூன்றில் வீடு முடிந்தது. கீழே ஹால், ரெண்டு அறை, சமையல்கட்டு. மாடியில் ஓர் அறையும் அதை ஒட்டிக் குட்டிச் சமையலறையும். கிரகப்பிரவேசப் பத்திரிகை அச்சுக்குப் போகிற சமயத்தில் சூடாமணியின் தம்பி ஒரு வாஸ்து நிபுணரை அழைத்துக்கொண்டு வந்தான். ஊரெல்லாம் வாஸ்து பேசத் தொடங்கியிருந்த காலம் அது. முந்தின வருஷம் வரை டைல்ஸ் ஏஜெண்டாக இருந்தவர் இந்த நிபுணர். வாசலில் நின்று தெருவை ஒரு பார்வை, வீட்டை ஒரு பார்வை பார்த்தார். செருப்பைக் கழற்றக்கூட இல்லை.

“தெருக்குத்து. மொதல்ல பால் காய்ச்சுற குடும்பத்தத்தான் அது அடிக்கும். நீங்க இப்ப வராதீங்க. ரெண்டு வருஷம் யாரையாச்சும் வாடகைக்கு வைங்க. அவுக இருக்க இருக்க வேகம் தணிஞ்சிரும். பெறகு நீங்க வந்து ராஜா மாதிரி இருக்கலாம்” என்றார்.

சூடாமணி அன்று ராத்திரி சோறு தின்னவில்லை. பத்ரிநாத் தின்றார், ஆனால் என்ன தின்றோம் என்று அவருக்குத் தெரியவில்லை. மறுநாளே வீடு வாடகைக்கு என்று சொல்லி வைத்தார். சொந்தக்காரர்கள் ரெண்டு பேர் ஆசையாக வந்து கேட்டார்கள். கொடுக்கவில்லை. தெரிந்த குடும்பத்தை எப்படித் தெரிந்தே கொண்டுபோய் அதில் வைப்பது? முன்பின் தெரியாத ஆளாக இருந்தால் நல்லது என்று பட்டது. இதில் ஒரு சின்ன அயோக்கியத்தனம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. வாடகையைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லி மனசாட்சியைச் சமாதானம் செய்துவிட்டார். நம் ஆட்களுக்கு மனசாட்சி பெரும்பாலும் இந்த அளவுக்கு ஒத்துழைக்கும்.

வந்தவன் அசோக்குமார். திருமங்கலத்துக்கு மேற்கே ஏதோ ஒரு கிராமத்து விவசாயக் குடும்பம். டி.வி.எஸ். வண்டியில் எவர்சில்வர் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு தவணைக்கு விற்றுக்கொண்டிருந்தான். மனைவி மீனா. கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை.

“வீட்டுக்காரவுக இருக்கும்போது நாங்க பால் காய்ச்சுறதாண்ணே?” என்று அவன் கூச்சப்பட்டான்.

“அதெல்லாம் பார்க்காதீங்க, உங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க” என்றார் பத்ரிநாத்.

அவன் அப்படியே நினைத்துக்கொண்டான். அங்கேதான் வினை.

தெருக்குத்து என்ன நினைத்ததோ தெரியவில்லை. முதல் வருஷமே மீனா உண்டானாள், ஆண் குழந்தை. ரெண்டாம் வருஷம் டி.வி.எஸ். போய் வேன் வந்தது. தெப்பக்குளம் முக்கில் கடை பிடித்து, மேலே பெரிய எவர்சில்வர் குடம் ஒன்றைப் போர்டாக மாட்டினான். பத்ரிநாத் ஒவ்வொரு மாதமும் வாடகை வாங்கப் போகும்போது அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று பயந்துகொண்டே போவார், அவர்கள் இன்னும் கொஞ்சம் செழிப்பாக இருப்பதைப் பார்த்து நிம்மதியும் எரிச்சலுமாகத் திரும்புவார். எரிச்சல்தான் கொஞ்சம் தூக்கல் என்று சூடாமணி சொல்வாள்.

கெடு முடிந்தது. சித்திரைத் திருவிழா சமயம். அழகர் வண்டியூருக்கு வருகிற நாளில் பத்ரிநாத் தன் வீட்டைக் கேட்கப் போனார். வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, ‘நீர்மோர் உபயம்: அசோக்குமார் குடும்பத்தார்’ என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நின்று, தன் வீட்டு வாசலில் ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் அவரால் உள்ளே போக முடிந்தது.

“என்னண்ணே, காலி பண்ணச் சொல்லிப்புட்டீங்க!” அசோக்குமாருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. “இந்த வீட்ல காலெடுத்து வச்ச பெறகுதாண்ணே நான் மனுஷனானேன். எம்புட்டு ராசியான வீடு! எந்தப் புண்ணியவான் பார்த்துப் பார்த்து வாஸ்து சொன்னானோ! கூட நூறோ எரநூறோ கேளுங்க, தாரேன். வீட்ட மட்டும் கேக்காதீங்க.”

வாஸ்து சொன்ன புண்ணியவானைப் பற்றிப் பத்ரிநாத் வாய் திறக்க முடியுமா? மோர் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த தையில் பார்க்கலாம் என்றான் அசோக்குமார். அந்தத் தை வந்தது, அதற்கடுத்த தையும் வந்தது. பதினொரு மாத ஒப்பந்தம் என்றைக்கோ முடிந்திருந்தது. அதனால் ஒன்றும் ஆகாது என்பதை ஊரில் உள்ள எல்லாக் குடித்தனக்காரர்களும் அறிவார்கள். கடைசியில் தொண்ணூற்றேழில் பத்ரிநாத் வக்கீலிடம் போனார்.

வக்கீல் சாய்பிரசாத் அவருக்குச் சொந்தக்காரர். பீஸைச் சொந்தக்காரர் என்பதற்காகக் குறைக்கவும் மாட்டார், கேட்கவும் மாட்டார், முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். “சொந்த உபயோகம்னு மனுப் போடுவோம். சொந்த வீடு இருந்தும் வாடகை வீட்ல கஷ்டப்படுறீங்க. வேற என்ன வேணும்? காது குத்துற மாதிரிச் சட்டுன்னு முடிஞ்சிரும்” என்றார். வாடகைக் கட்டுப்பாட்டுக் கோர்ட்டில் மனு விழுந்தது. அசோக்குமார் அன்னக்கொடி என்ற பெண் வக்கீலை வைத்தான். வாய்தா மேல் வாய்தா ஓடியது.

இந்த நேரம் பார்த்து ராக்கம்மாளின் மகன் சோணை, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் பெண்டாட்டி, கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தான். பின்பகுதியில் இருந்தது ஒரே அறை. அதில் தாய், மகன், மருமகள், தூளி.

“தம்பி, ஒங்களுக்குத்தான் வண்டியூர்ல மாளிகை கணக்கா வீடு இருக்கே. முன்பகுதிய விட்டுக் குடுத்தீகன்னா எம்மவன் இருந்துக்குவான்” என்று ராக்கம்மாள் தயவாகத்தான் கேட்டாள்.

“கேஸ் நடக்குது அக்கா. முடிஞ்ச மறுநாளே போயிருவேன்.”

“எப்ப முடியும்?”

“அடுத்த தைக்குள்ள.”

அவளும் ஒரு தை பொறுத்தாள். பிறகு யாரோ யோசனை சொல்ல, அவளும் ஒரு வக்கீலைப் பிடித்தாள். பத்ரிநாத்துக்குச் சம்மன் வந்தது. கோர்ட்டில் ஒரு கேஸில் வீட்டுக்காரர், இன்னொன்றில் குடித்தனக்காரர். இந்த ரெட்டைப் பதவியை மதுரையில் அவர் அளவுக்கு யாரும் வகித்ததில்லை என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

சாய்பிரசாத் ராக்கம்மாளின் மனுவைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். “அந்தம்மா கேக்குறது கூடுதல் இடம். இந்த மாதிரி மனுவில வீட்டுக்காரருக்குக் கஷ்டம் அதிகமா, குடித்தனக்காரருக்குக் கஷ்டம் அதிகமான்னு கோர்ட்டு எடை போட்டுப் பார்க்கும். உங்க கஷ்டம் கனமா இருக்கணும்.”

“எனக்குத்தான் சொந்த வீடு இருக்கே?”

“அதுதான் இடிக்குது. வீடு இருக்கு, ஆனா அதுல குடியிருக்க முடியாதுன்னு சொல்லணும். ஏன் முடியாது? நீங்கதான் சொல்லணும்.”

பத்ரிநாத் வாஸ்துக்காரர் சொன்னதை எல்லாம் சொன்னார். வக்கீலின் முகம் மலர்ந்தது. அவர் எழுதிய பதில் மனுவில், தெருக்குத்து தோஷத்தால் அந்த வீடு எதிர்மனுதாரரின் குடும்பம் வசிக்கத் தகுதியற்றது என்றும், அங்கே குடிபோனால் உயிருக்கே ஆபத்து என்று அஞ்சுவதாகவும், அதனால்தான் கட்டி முடித்த நாளிலிருந்து அன்னியருக்கு வாடகைக்கு விட்டிருப்பதாகவும் இருந்தது. படிக்கும்போது பத்ரிநாத்துக்கே தன் மேல் இரக்கம் வந்துவிட்டது.

“அந்தக் கேஸ்ல அந்த வீடு வேணும்னு கேட்டிருக்கோமே?”

“அது கோர்ட்டுல கீழ் ஹால், இது மாடி ஹால். ரெண்டும் எங்க சந்திக்கப் போகுது? கையெழுத்தப் போடுங்க.”

போட்டார். அசோக்குமார் வீட்டைக் கொடுக்கவில்லை, எனவே ராக்கம்மாள் வீட்டை விட முடியாது. அவருக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான். அதில் தப்பு இருப்பதாக அன்று தோன்றவில்லை.

கேஸ்கள் சந்திக்காமல் இருக்கலாம். வக்கீல்கள் ஒரே டீக்கடையில்தான் டீ குடிக்கிறார்கள். குறுக்கு விசாரணை நாளில் அன்னக்கொடி மிக மரியாதையாகத் தொடங்கினாள்.

“ஐயா, இந்த வீட்ட நீங்களே முன்னால நின்னு கட்டினீங்களா?”

“ஆமாங்க. ஒவ்வொரு செங்கலும்.”

“உங்க குடும்பம் குடியிருக்க நல்ல வீடுதானே?”

“அருமையான வீடுங்க.”

“ஒரு பயமும் இல்லையே?”

“என்ன பயம்?” என்றார் பத்ரிநாத். அவள் கையில் ராக்கம்மாள் கேஸின் பதில் மனு நகல் இருந்தது.

“இது உங்க கையெழுத்துதானே ஐயா?”

அவள் அதை நிதானமாக வாசித்தாள். தகுதியற்றது என்ற இடத்தில் கோர்ட்டில் பின்வரிசை சிரித்தது. உயிருக்கு ஆபத்து என்ற இடத்தில் முன்வரிசையும் சிரித்தது. சாய்பிரசாத் ஏதோ தேடுகிறவர் போலப் பைக்குள் தலையை விட்டுக்கொண்டார். அசோக்குமார் மட்டும் சிரிக்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் அவன் அவரை நிறுத்தினான். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் பத்ரிநாத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“அண்ணே, தெருக்குத்து அடிக்கும்னு தெரிஞ்சேதான் எங்களப் பால் காய்ச்ச வச்சீங்களா?”

“அப்படியில்ல அசோக்கு...”

“மீனா பிள்ளையச் சொமந்தது அந்த வீட்லதாண்ணே.”

அதற்குப் பத்ரிநாத்திடம் பதில் மனு இல்லை. மெழுகு போட்டுத் துடைத்தது மாதிரி வெயில் அடித்துக்கொண்டிருந்த அந்த வளாகத்தில் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை என்று பிற்பாடு சூடாமணியிடம் சொல்வதுண்டு.

ரெண்டாயிரத்தில், ஒரே மாதத்தில், ரெண்டு தீர்ப்பும் வந்தன. பத்ரிநாத்தின் மனு தள்ளுபடி: தகுதியற்றது என்று தானே சத்தியம் செய்த வீட்டைச் சொந்த உபயோகத்துக்குக் கேட்பதில் உண்மை இல்லை. ராக்கம்மாளின் மனுவும் தள்ளுபடி: பாவம், போக்கிடம் இல்லாத குடித்தனக்காரர், இவர் கஷ்டமே பெரிது. ஆக, சொந்த வீட்டுக்குள் போக அவருக்கு உரிமை இல்லை, அடுத்தவர் வீட்டை விட்டு வெளியேறவும் அவசியம் இல்லை. சாய்பிரசாத் கை கொடுத்தார். “ரெண்டுல ஒண்ணு ஜெயிச்சிருக்கோம். இது நல்ல ஆவரேஜ்” என்றார்.

ஜெயித்த வீட்டில் இருப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. ராக்கம்மாள் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். நாலு பேர் படுக்க இடமில்லாமல் சோணை தினமும் பாயைத் தூக்கிக்கொண்டு சந்து முனைக் கோயில் மண்டபத்துக்குப் போவான், விடியற்காலையில் திரும்பி வருவான். போகும்போதும் வரும்போதும் பத்ரிநாத்தின் ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவன் ஜன்னலைப் பார்த்ததே இல்லை.

“எனக்கு இந்த வீட்ல சோறு எறங்கல” என்றாள் சூடாமணி ஒருநாள், வீட்டு பாஷையான சௌராஷ்டிரத்தில். “பத்தியக் குழம்பு வச்சுக் குடுத்த கை அது. நாம ஜெயிச்சது போதும்.”

பத்ரிநாத்துக்கும் போதும் என்றுதான் இருந்தது. வேறு வீடு பார்க்கக் கிளம்பினார். கீழவாசல், முனிச்சாலை, காமராசர் சாலை என்று சைக்கிளில் அலைந்தார். போன இடத்தில் எல்லாம் நல்லபடியாகப் பேசுவார்கள், காபி கொடுப்பார்கள். பெயரைச் சொன்னதும், “மகால் பக்கத்துல கோர்ட்டுக்குப் போய் வீட்டுக்கார அம்மாவ ஜெயிச்சது...?” என்று இழுப்பார்கள். அவர் தலையாட்டுவார். “வீட்ட எங்க மச்சான் கேட்டுக்கிட்டிருக்காருங்க” என்று அந்த நிமிஷத்தில் ஒரு மச்சான் பிறந்துவிடுவார். மதுரையில் அத்தனை மச்சான்கள் வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு புரோக்கர் மட்டும் மனம் விட்டுச் சொன்னார்: “அண்ணே, ஒங்களுக்கு வீடு புடிச்சுக் குடுத்தேன்னு தெரிஞ்சா எனக்குப் பெறகு ஒருத்தனும் வீடு காட்ட மாட்டான்.”

இந்த அலைச்சல் அசோக்குமாரின் காதுக்கும் எட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வேனை நிறுத்திவிட்டுச் சந்துக்குள் நடந்து வந்தான்.

“மாடி ரூம்ல சரக்குத்தான் போட்டு வச்சிருக்கேன். ஒழிச்சுத் தாரேன். வந்துருங்கண்ணே” என்றான்.

பத்ரிநாத்துக்கு முதலில் புரியவில்லை. “எந்த மாடி?”

“ஒங்க மாடிதாண்ணே. வீடு மொத்தமும் என் வாடகையில இருக்குல்ல? அதுல மாடிய ஒங்களுக்கு விடுறேன். நீங்க எங்களுக்குக் கெடுதல் நெனச்சீங்க. ஆனா நடந்தது பூராம் நல்லது. அந்தக் கணக்க வேற எப்படித் தீர்க்குறது?”

செய்தியைக் கேட்ட சாய்பிரசாத் நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு யாரும் பார்த்ததில்லை. “உடனே போய் உட்காருங்க! வீட்டுக்காரர் எழுத்து மூலமா அனுமதி குடுக்காம குடித்தனக்காரன் உள்வாடகைக்கு விட்டா, அது ஒண்ணு போதும், அவனக் காலி பண்ணிரலாம். அவனே வந்து தலையக் குடுக்குறான். நீங்க அனுமதின்னு எதிலயும் கையெழுத்துப் போட்றாதீங்க. மாடில ஏறுங்க, மறுநாள் மனுப் போடுவோம்.”

பத்ரிநாத் அன்று முழுக்க யோசித்தார். வீடு அவர் வீடு. கட்டினது அவர். வரி கட்டுவது அவர். இத்தனை வருஷம் எட்டி நின்று பார்த்ததற்கு இதோ வழி திறந்திருக்கிறது. கையெழுத்துப் போடாமல் சும்மா இருந்தால் போதும்.

மறுநாள் அசோக்குமார் ஒரு தாளோடு வந்தான். அன்னக்கொடி சும்மா இருப்பாளா? உள்வாடகைக்கு விட வீட்டுக்காரர் சம்மதிக்கிறார் என்று நாலு வரி. “வக்கீலம்மா கேக்கச் சொன்னாக. ஒங்களுக்கு விருப்பமில்லன்னா வேணாம்ணே, சும்மாவே வந்து இருங்க” என்றான். சொல்லிவிட்டுத் தாளை நீட்டவும் இல்லை, மடக்கவும் இல்லை. வேப்பமரத்தடியில் பார்த்த அதே முகம்.

பத்ரிநாத் பேனாவைக் கேட்டு வாங்கினார். வீட்டுக்காரர் என்ற இடத்தில் ஒன்று, உள்வாடகைக்காரர் என்ற இடத்தில் ஒன்று, ரெண்டு கையெழுத்துப் போட்டார். சாய்பிரசாத் அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் கூட அவரோடு பேசுவதில்லை.

ராக்கம்மாளிடம் சாவியைக் கொடுத்தபோது அவள் அழுதுவிட்டாள். அன்று மதியமே சோணை தூளியை முன்பகுதிக்கு மாற்றிவிட்டான்.

தை பிறந்து மூன்றாம் நாள் பத்ரிநாத் குடும்பம் தெருக்குத்து வீட்டுக்குக் குடிபோனது. மாடிப்படி ஏறும்போது அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. எப்படி வந்தால் என்ன, சொந்த வீட்டுக்கு வந்துவிட்டோம். சூடாமணி அடுப்பைப் பற்ற வைத்துப் பால் பாத்திரத்தை ஏற்றினாள். இந்தச் சுவருக்குக் கொத்தனார்கள் போன பிறகு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினவர் அவர், கிழக்குப் பக்கப் பூச்சை ரெண்டு தடவை இடிக்கச் சொல்லித் திரும்பப் பூசவைத்தவர். பெருமாள் படத்தை மாட்டலாம் என்று சுத்தியலும் ஆணியுமாக அந்தக் கிழக்குச் சுவரின் முன்னால் போய் நின்று, இடம் பார்த்து, முதல் அடி அடித்தார்.

கீழே இருந்து வேகமாகக் கொலுசுச் சத்தம் கேட்டது. மீனா வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் சாவிக்கொத்து.

“அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. தண்ணி மோட்டாரு காலையில அரை மணி நேரந்தான் போடுவோம், அதுக்குள்ள புடிச்சுக்கங்க” என்றாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள். “சுவத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்கண்ணே. இப்பத்தான் பெயிண்ட் அடிச்சிருக்கோம். வீட்ட நம்ம வீடு மாதிரி பார்த்துக்கிறணும்ல?”

சூடாமணி அடுப்பில் இருந்து திரும்பிப் பார்த்தாள். பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

“சரிம்மா” என்றார் வீட்டுக்காரர். ஆணியை மெதுவாகப் பிடுங்கி, அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் தேய்த்து மூடிவிட்டு, பெருமாளைத் தரையில் சுவரோடு சாய்த்து வைத்தார்.